உரிமை கோரும் மொழி

மாணவர்களே, கோரிக்கைக் கடிதத்தில் பலர் கெஞ்சுவர் அல்லது ஏசுவர். இரண்டும் பயன் தரா.

உதாரணம்: ஸ்பெயினில் வங்கிகள் கருமபீடச் சேவையைக் குறைத்து, இணையச் சேவைக்கு மாறின. வலென்சியா நகரின் ஓய்வுபெற்ற வைத்தியர் கார்லோஸ் சான் ஹுவான் (வயது 78) இதனை எதிர்த்து இணையத்திலேயே மனு வெளியிட்டார். அவரது சுலோகம்: "நான் முதியவன், முட்டாள் அல்லேன்." 600,000 இற்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் மனு 2022 பெப்ரவரியில் அரசிடம் கையளிக்கப்பட்டது. அம்மாதமே வங்கிகள் கருமபீட நேரத்தை நீடிக்க உடன்பட்டன.

கவனிக்குக:
1. முற்பகுதி வயதை ஒப்புக்கொள்கிறது. பிற்பகுதி இகழ்ச்சியை மறுக்கிறது.
2. சுலோகத்தில் கெஞ்சலோ வசையோ இல்லை.
3. இலக்கணம்: நான் - அல்லேன், அவன் - அல்லன், அது - அன்று.

பயிற்சி: உமது பாட்டனார் சொல்வதாக, வங்கி முகாமையாளருக்குக் கடிதம் எழுதுக. கெஞ்சும் சொல் ஒன்றேனும் வரலாகாது.