கண்ணாடியைக் கழற்றும் முன்



சில மாதங்களுக்கு முன் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஒரு தகப்பனார் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா, "பொண்ணு கண்ணாடி போடுதே" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக வளையல் அடகுக்குப் போய்விட்டது. குறைகிற பணத்துக்கு நம் மருத்துவ நிதியில் கடன் கேட்டு வந்திருந்தார். கையில் ஒரு விளம்பரத் தாள்: சில நிமிடத்தில் முடியும், வலி இல்லை, கண்ணாடியே வேண்டாம்.

அந்தத் தாளில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை. யாருக்கு இந்தச் சிகிச்சை ஆகாது என்பது மட்டும் அதில் இல்லை. "பணம் பிறகு பார்க்கலாம், முதலில் பரிசோதனையை மட்டும் முடித்து வாருங்கள்" என்று அனுப்பினேன். அந்தப் பிள்ளையின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. நம் கண் சிகிச்சை முகாம்களுக்கு வரும் மருத்துவர்களிடம் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

கண்ணின் முன்பக்கத்தில் கடிகாரக் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பது கருவிழிப் படலம். அதற்குப் பின்னால் லென்ஸ். இரண்டும் சேர்ந்து ஒளியை வளைத்து, கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையில் விழச் செய்கின்றன. அந்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியுடையது. பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோவில் இருந்து 'கிதாபுல் மனாழிர்' எழுதிய இப்னுல் ஹைஸம் விளக்கியிருக்கிறார். மதரஸாவில் அவர் பெயரைக் கேட்டபோது எனக்கு அது வெறும் பெயராகத்தான் இருந்தது.

கண் பந்து சற்று நீளமாக வளர்ந்துவிட்டால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். கிதாபு தெரியும், கரும்பலகை தெரியாது. இது கிட்டப்பார்வை, மைனஸ் பவர். கண் பந்து குட்டையானால் தூரப்பார்வை, பிளஸ் பவர். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதுவார்கள். நாற்பதைத் தாண்டினால் லென்ஸின் நெகிழ்வு குறைந்து, குர்ஆனைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். அது வெள்ளெழுத்து. எனக்கும் இருக்கிறது, இதைப் படிக்கும் பாதிப் பேருக்கும் இருக்கும்.

இவை நோய்கள் அல்ல, ஒளி குவிவதில் உள்ள பிசகுகள்தான். லாசிக் என்னும் லேசர் சிகிச்சை இந்தப் பிசகுகளுக்கு மட்டுமே. இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் மக்கள் "லேசர்" என்ற ஒரே சொல்லால் நாலைந்து வேறு வேறு சிகிச்சைகளைச் சொல்கிறார்கள். சர்க்கரை நோயால் விழித்திரையில் இரத்தம் கசிந்தால் வைப்பது ஒரு லேசர். புரை எடுத்துப் பல மாதம் கழித்து உள்ளே மங்கலாகப் படியும் சவ்வைத் திறப்பது இன்னொரு லேசர். கண்புரைக்குப் பெரும்பாலான இடங்களில் செய்வது லேசரே அல்ல. மங்கிப்போன லென்ஸைக் கேளா ஒலி அலையால் உடைத்தோ சிறு கீறல் வழியாகவோ எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸை வைப்பார்கள். அதை முதன்முதலில் 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி செய்தார். ஏழைகள் வாங்க முடியாத விலையில் இருந்த அந்த லென்ஸை மதுரை அரவிந்தின் ஆரோலேப் 1992-லிருந்து இங்கேயே தயாரித்தது. நம் முகாம்களில் பெரியவர்களுக்கு இலவசமாகப் புரை எடுக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண் நீர் அழுத்த நோய் வலி தராது, ஓரப்பார்வையிலிருந்து மெல்லத் தின்னும். போன பார்வை திரும்பாது. அத்தாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகள் நாற்பதிலிருந்து தவறாமல் அழுத்தம் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது கட்டாயம்.

இனி லாசிக். இதன் தொடக்கத்தில் நம் சென்னைக்காரர் ஒருவர் இருக்கிறார். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா போன ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், முதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், எக்ஸைமர் என்னும் புறஊதா லேசரை அதன் மேல் செலுத்திப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல், கத்தியால் முடியாத நுணுக்கத்தில் வெட்டியது. 1983-ல் ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவரும் அவரும் சேர்ந்து அதைக் கருவிழிக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

இன்றைய லாசிக்கில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மூடியைக் கீறித் திறந்து, உள்ளே லேசரால் சதையைச் செதுக்கி, மூடியை மறுபடி படிய வைப்பார்கள். மூடி இல்லாமல் மேலிருந்து செதுக்கும் முறையும், சிறு துவாரம் வழியாக உள்ளிருந்து ஒரு வில்லையை உருவும் ஸ்மைல் முறையும் உண்டு. எந்த முறையிலும் செதுக்கிய சதை திரும்ப வளராது. அதனால் கணக்கு முக்கியம். கருவிழியின் நடுத்தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூடிக்கு 110 போகும். ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் ஆறு என்றால் 84 போய், 346 மிஞ்சும். அடியில் 250-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச எல்லை. கருவிழி 470 மைக்ரானே உள்ள ஒருவருக்கு மைனஸ் பத்து இருந்தால்? 220தான் மிஞ்சும். கண்ணின் உள் அழுத்தம் தாங்காமல் அது முன்னால் பிதுங்கக்கூடும். பார்வை முன்பைவிட மோசமாகும்.

ஆகவே பதினெட்டு வயதுக்கு முன் வேண்டாம். வயது ஆனாலும் பவர் ஒரு வருடமாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் பவரே மாறும். கண் கடுமையாக உலர்ந்தவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் மருத்துவர்கள் மறுப்பார்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன்பே மருத்துவர் சொல்லும் நாள்வரை அதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அளவு தவறும். முடிந்த பின்னும் சில மாதம் கண் உலர்ச்சி, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது பலருக்கு இருக்கும். நாற்பதில் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும். மைனஸ் அதிகம் இருந்தவருக்கு விழித்திரை மெலிந்தே இருக்கும், லேசர் அதை மாற்றாது. திடீரென மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, ஓரத்தில் திரை விழுவதுபோல் இருந்தாலோ அன்றே ஓடுங்கள்.

நம் வீடுகளில் கேட்கும் சில கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் நோன்பு முறியாது. ரமலானில் மருந்தை நிறுத்திவிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அறுவைக்குப் பின் முதல் சில நாட்கள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பார்கள். ஒளூ விஷயத்தில் உள்ள சலுகையை முன்கூட்டியே இமாமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுர்மா சில வாரம் தொடக்கூடாது. கடைச் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு அதை இடுகிற வழக்கத்தை நம் பாட்டிமார் விடுவது நல்லது.

அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். பரிசோதனையில் கருவிழியின் வரைபடம் எடுத்தார்கள். ஒரு கண்ணில் கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்தள்ளத் தொடங்கியிருந்தது. கெரட்டோகோனஸ் என்றார் மருத்துவர். அதன் மேல் லேசரால் செதுக்கியிருந்தால் பார்வையே பாழாகியிருக்கும். "சின்ன வயசுல கண்ணைத் தேய்க்குமா?" என்று அவர் கேட்டதும் தாய் அழுதுவிட்டார். ஒவ்வாமை அரிப்பில் வருடக்கணக்காகத் தேய்த்த பிள்ளை அது. நம் வீட்டில் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை இருந்தால் அதட்டுவதோடு விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிப்புக்குச் சொட்டு மருந்து இருக்கிறது.

அந்தக் கண்ணுக்கு ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் சொட்டை விட்டு, புறஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுகச் செய்யும் சிகிச்சை நடந்தது. கூம்பு மேலும் வளராமல் தடுக்கத்தான் அது. கண்ணாடி கழலாது. லேசருக்குக் கேட்ட கடன் இதற்குப் போனது.

"மாப்பிள்ளை வீட்டில் சொல்லணுமா பாய்?" என்று தகப்பனார் கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னார். பத்து நாள் அங்கிருந்து பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் எனக்கே தூக்கம் சரியில்லை. பிறகு மாப்பிள்ளையே போன் செய்து, அடுத்த பரிசோதனைக்கு எந்தத் தேதி என்று கேட்டிருக்கிறார். ஷவ்வாலில் நிக்காஹ் நடந்தது. மணப்பெண் கண்ணாடியோடுதான் இருந்தாள்.

லேசர் சிகிச்சைக்கு உதவி கேட்டு மனுக் கொடுப்பவர்கள் இனி கருவிழி வரைபடம், தடிமன் அளவு, ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு பவர் சீட்டு ஆகியவற்றின் நகலை இணைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. வேலைக்குப் பார்வைத் தகுதி தேவைப்படுகிறவர்களுக்குத் திருப்பிச் செலுத்தும் கடனாகத் தருவோம். புரை, நீர் அழுத்தம், சர்க்கரை விழித்திரை மனுக்கள் வரிசையில் நின்றால் அவைதான் முதலில். பரிசோதனைக் கட்டணத்துக்கு முடியாதவர்கள் வளையலைக் கழற்றுவதற்கு முன் அலுவலகத்துக்கு வாருங்கள், மக்ரிபுக்குப் பின் இருப்பேன்.