கடைமடைக்கும் எட்டும் நேரலை

நமது சங்கங்களின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்கு எல்லா அங்கத்தினரும் வர இயலுவதில்லை. தறியை விட்டு எழ முடியாதவர், நடவு நாளில் வயலை விட்டு நீங்க முடியாதவர், முதுமையால் நடை தளர்ந்தவர் எனப் பலர் உளர். அன்னோர்க்காகக் கூட்டத்தை இணைய வழியே நேரலையாக அனுப்பலாமா என்று நாம் பார்வையிடச் செல்லும் சங்கங்களில் நிர்வாகக் குழுவினர் வினவுகின்றனர். அனுப்பலாம், செலவும் மிகுதியன்று. ஆயினும் அதன் இயல்பை அறியாது தொடங்கினால், வசதியுள்ளோர் மட்டும் காணும் காட்சியாக அது முடிந்துவிடும். ஆதலின் அதனையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

1. மழையும் வாய்க்காலும்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தை உழவரிடையே பரப்பிய பெருமை அதற்கு உண்டு. அந்நெல்லை மக்கள் ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கினர். வைகுண்ட ஏகாதசி நாளில் ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் திறப்பை நேர்முக வர்ணனையுடன் பல இல்லங்களுக்குக் கொண்டு சென்றதும் அந்நிலையமே.

வானொலி மழையைப் போன்றது. கேட்போர் நூறு பேராயினும் நூறாயிரம் பேராயினும் நிலையத்திற்குச் செலவு ஒன்றே. இணைய நேரலையோ வாய்க்காலைப் போன்றது. காண்போர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு பங்கு செல்ல வேண்டும். உய்யக்கொண்டான் வாய்க்காலில் பாசனம் பெறுவோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தலைமடையில் எவ்வளவு நீர் ஓடினும், கடைமடையில் எட்டுவதே கணக்கு.

2. குறியாக்கம் என்பது யாது?

கணிப்பொறிக்குப் படம் என்பது சிறு கட்டங்களின் தொகுதி. நெசவுக்கு வரையும் கட்டத்தாளை ஒத்தது அது. முழுத் தெளிவுள்ள படம் ஒன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 கட்டங்கள் உள. ஒவ்வொரு கட்டத்தின் நிறத்திற்கும் 24 பிட். விநாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட் ஆகிறது. இதனை அப்படியே அனுப்ப எளிய இணைப்பு எதுவும் தாங்காது.

இதனைச் சுருக்குவதே குறியாக்கம். உறையூர் நெசவாளர் ஒருவர் சேலை முழுவதற்கும் கட்டம் வரைவதில்லை. ஒரு புட்டாவை வரைந்து, அது எங்கெங்கே மீண்டும் வரும் என்று குறித்துக் கொள்கிறார். மென்பொருளும் அவ்வாறே செய்கிறது. பேசுபவரின் பின்னுள்ள சுவர் மாறுவதில்லை. ஆகவே அதனைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், வாயும் கையும் அசையும் பகுதியின் மாற்றத்தை மட்டும் அனுப்புகிறது. இடையில் வந்து சேர்வோரும் காணும் பொருட்டு, சில விநாடிக்கு ஒருமுறை முழுப்படம் ஒன்றைச் சேர்க்கிறது. 2003இல் வெளியான எச்.264 என்னும் முறை இவ்வகையினது. இதனால் 124 கோடி பிட்டை 40 இலட்சமாகக் குறைக்கலாம். கைப்பேசியில் காண்பதற்குரிய சிறிய படமாயின் 10 இலட்சமே போதும்.

இவ்வேலைக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ, எஃப்எஃப்எம்பெக் முதலிய மென்பொருள்கள் உள. பலர் கூடி உழைத்து ஆக்கிய இவற்றுக்கு விலையில்லை என்பது கூட்டுறவாளர் மனங்கொள்ளத் தக்கது.

3. ஒருமுறை அனுப்புக

10 இலட்சம் பிட் அளவில் 200 அங்கத்தினருக்கும் சங்கத்துக் கணிப்பொறியே அனுப்புமாயின் விநாடிக்கு 20 கோடி பிட் செல்ல வேண்டும். அது ஆகாத காரியம். ஆகவே சங்கம் ஒருமுறை மட்டும் ஒரு பெரிய சேவையகத்திற்கு அனுப்ப, அங்கிருந்து அனைவருக்கும் பங்கிடப்படுகிறது. யூடியூப் போன்ற தளங்கள் செய்வது இதுவே. 2020 டிசம்பர் 25ஆம் நாள் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கிடையே வைகுண்ட ஏகாதசி வந்தபோது, ஸ்ரீரங்கம் வர இயலாதோர் இல்லத்திலிருந்தே காண உதவியதும் நேரலையே.

சங்கத்து இணைப்பின் மேலேற்று வேகத்தை, கூட்டம் நடைபெறும் அதே வேளையில் முன்னதாகச் சோதித்தறிக. அவ்வேகத்தில் பாதிக்கு மேல் பயன்படுத்தாதிருத்தல் நலம். மதகை முழுதும் திறந்து வைத்தவனுக்கு, நீர் குறையும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

4. தாமதமும் அங்கத்தினர் உரிமையும்

நேரலை என்று பெயரே அன்றி, அஃது உடனுக்குடன் சேர்வதன்று. காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புவது பெருவழக்கு. துண்டு ஒன்று 6 விநாடியாகி, பெறும் கருவி மூன்று துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்குமாயின் 18 விநாடி பின்தங்கும்.

இதில் ஓர் உரிமை அடங்கியுள்ளது. தலைவர் ‘ஆட்சேபம் உண்டா?’ என வினவி, ஐந்து விநாடியில் ‘தீர்மானம் நிறைவேறியது’ என்பாராயின், வீட்டிலிருந்து காணும் அங்கத்தினருக்குக் கேள்வியே இன்னும் எட்டவில்லை என்பது பொருள். ஆதலின் வரவு செலவு அறிக்கையைப் படித்தபின் சில நிமிடம் இடைவெளி விட்டு, தொலைபேசி வழியே வரும் ஐயங்களைக் கேட்டு விடை கூறுதல் வேண்டும். நேரலையைக் கண்டவர் கூட்டத்திற்கு வந்தவராகக் கருதப்படுவார் என்று சங்கம் தானே முடிவு செய்துகொள்ளலாகாது. நிறைவெண்ணும் வாக்கும் சட்டத்திலும் துணைவிதியிலும் உள்ளவாறே கணக்கிடப்பெறும்.

5. ஒலியே முதல்

இரண்டு மணி நேரக் கூட்டத்தை 10 இலட்சம் பிட் அளவில் காண்பவருக்கு 900 மெகாபைட் செலவாகும். பேச்சை மட்டும் 32,000 பிட் அளவில் கேட்பவருக்கு ஆவது ஏறக்குறைய 29 மெகாபைட்டே. படம் மங்கினும் கணக்கு விளங்கும். ஒலி அறுந்தால் ஒன்றும் விளங்காது. எனவே ஒலிபெருக்கிக் குழாயினின்று வரும் இரைச்சலைப் பதியாமல், பேசுபவர் வாயருகே ஒலிவாங்கி வைக்க வேண்டும். காட்சியுடன் ஒலி மட்டும் செல்லும் தனி இணைப்பொன்றும் ஏற்பாடு செய்க. அதுவே கடைமடை அங்கத்தினருக்குரிய பங்கு.

பயிற்சிக் கணக்கு: ஒரு சங்கத்தின் மேலேற்று வேகம் விநாடிக்கு 30 இலட்சம் பிட். பாதியளவே பயன்படுத்தி 3 மணி நேரம் நேரலை அனுப்பினால், முழுதும் காணும் அங்கத்தினர் ஒருவருக்கு எத்துணை மெகாபைட் செலவாகும்? 8 பிட் ஒரு பைட். 10 இலட்சம் பைட் ஒரு மெகாபைட். விடை: 2,025. இதனை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அனைவரும் போட்டுப் பார்த்து, தம் அங்கத்தினருக்கு இது தாங்குமா என்று ஆய்ந்த பின்னரே தேதி குறிப்பார்களாக.