தென் ஐரோப்பாவில் மோட்டார்ஹோம் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மோட்டார்ஹோமில் ஐரோப்பாவைச் சுற்ற நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, “டோல் எவ்வளவு ஆகும்?” என்றுதான். அதற்குப் பதில் வண்டியின் உயரத்திலும் எடையிலும் இருக்கிறது. எந்த உரிமம் வேண்டும், எந்த வாயிலில் நுழையலாம், எந்தத் தெருவில் மாட்டிக்கொள்வீர்கள் என்பதெல்லாமும் அந்த இரண்டைப் பொறுத்ததே.

பாரிஸில் வண்டி எடுத்து, மத்திய பிரான்ஸ் வழியாக மத்தியதரைக் கடலை அடைந்து, ஸ்பெயினைக் கடந்து போர்ச்சுகலின் தென்கோடி போய்த் திரும்பும் வழியை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஓரிடத்தில் எடுத்து வேறோர் இடத்தில் விட்டால் வாடகைக்காரர்கள் கூடுதலாகக் கேட்பார்கள். ஆகவே சுற்றிவந்து கிளம்பிய இடத்திலேயே விடுவது நல்லது. ஐந்து வாரம் கையில் இருந்தால் நிதானமாகப் போகலாம்.

## படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பெயினின் செவில்லியில் 40 டிகிரி சாதாரணம். தகரப் பெட்டிக்குள் அந்த இரவைக் கழிப்பது விடுமுறை ஆகாது. ஆகஸ்டில் பிரான்ஸும் இத்தாலியும் மொத்தமாக விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் கடலோர முகாம்களில் இடமும் கிடைக்காது. சீசன் இல்லாத மாதங்களில் அதே முகாம்கள் நல்ல தள்ளுபடி தருகின்றன.

ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிலோமீட்டர் போதும். இரண்டு நாள் ஓட்டினால் ஒரு நாள் நகராமல் இருங்கள்.

## படி 2: காகிதங்கள்

ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி நான்குக்கும் சேர்த்து ஒரே கணக்கு. விசா விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்று வேண்டும் என்பதால், ரத்து செய்யக்கூடிய முகாம் முன்பதிவுகள் சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு ஆர்டிஓ அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அது ஓராண்டு செல்லும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: நம் எல்எம்வி உரிமம் 7,500 கிலோ வரை செல்லும், சர்வதேச அனுமதியின் ‘பி’ பிரிவோ 3,500 கிலோவோடு நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

## படி 3: வண்டியை அளந்து பாருங்கள்

3,500 கிலோ என்பது ஆட்கள், தண்ணீர், சாமான், டீசல் எல்லாம் சேர்ந்த எடை. காலி வண்டியே மூன்று டன்னை நெருங்கும். நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் நூறு கிலோ கூடிவிடும். அதனால் ஓடும்போது பாதிக்கும் குறைவாக வைத்துக்கொண்டு, இரவு தங்கும் இடத்தில் நிரப்புவதே அனுபவசாலிகளின் வழக்கம். இரண்டு பேருக்கு ஆறு மீட்டர் நீள வண்டி போதும். ஏழரை மீட்டர் வண்டியின் சொகுசு நிறுத்த இடம் தேடும் முதல் நாளே தீர்ந்துவிடும்.

வாடகை ஒப்பந்தத்தில் உள்ள உயரத்தை நம்பாமல், கூரை ஏசி, டிஷ் ஆண்டெனா உட்பட மொத்த உயரம் என்ன என்று கேளுங்கள். உயரம், அகலம், நீளம், எடை நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பாலத்துக்கு அடியில் புகுமுன் ஒரு நொடியில் கண்ணில் பட வேண்டும். பின்னால் சைக்கிள் மாட்டினால், ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட, அரை மீட்டர் சதுரப் பலகை கட்டாயம்.

## படி 4: டோல் சாலைகள்

வழிகாட்டிச் செயலியில் ‘டோல் தவிர்’ என்பதை அழுத்திவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. அந்தப் பொத்தானுக்கு உங்கள் வண்டியின் அகலம் தெரியாது. சில யூரோ மிச்சம் பிடிக்க, இரண்டு கல்வீடுகளுக்கு நடுவே கண்ணாடியை மடக்கிக்கொண்டு நிற்க வைத்துவிடும். டோலை மொத்தமாகத் தவிர்ப்பதும் வேண்டாம், மொத்தமாகக் கட்டுவதும் வேண்டாம். ஒவ்வொரு துண்டுச் சாலையாகப் பார்த்து முடிவெடுங்கள்.

பிரான்ஸ். நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது பணம். 3,500 கிலோவுக்கு உட்பட்டு உயரம் 2 மீட்டருக்குள் இருந்தால் முதல் வகுப்பு. 2 முதல் 3 மீட்டருக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. 3 மீட்டரைத் தொட்டாலோ எடை தாண்டினாலோ மூன்றாம் வகுப்பு, லாரிகளோடு சேர்த்தி. பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் இரண்டாம் வகுப்புதான். கூரையில் ஏசி துருத்திக்கொண்டிருந்தால் சில நேரம் கருவி அதை மூன்றாகக் கணக்கிட்டுவிடும். திரையில் தொகையோடு வகுப்பு எண்ணும் வரும். பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள். தவறாக இருந்தால் உதவிப் பொத்தானை அழுத்தி “கிளாஸ் தெ” என்றால் போதும், இரண்டாம் வகுப்பு என்று அர்த்தம். அந்தப் பக்கம் இருப்பவர் கேமராவில் பார்த்து மாற்றிவிடுவார்.

வாயிலை நெருங்கும்போது மேலே பாருங்கள். பச்சை அம்பு போட்ட வரிசை எல்லோருக்கும் பொது. ஆரஞ்சு நிற ‘டி’ எழுத்து மட்டும் உள்ள வரிசை மின்னணு வில்லை வைத்திருப்பவர்களுக்கு. ‘2 மீ’ என்று எழுதிய வரிசைகளில் உயரத் தடைக் கம்பி இருக்கும். பின்னால் பத்துக் கார்கள் நிற்க அதில் சிக்கினால் அவஸ்தை. சீட்டு தரும் கருவியில் இரண்டு வாய்கள்: ஒன்று கார் உயரத்தில், ஒன்று லாரி உயரத்தில். மோட்டார்ஹோம் ஓட்டுநரின் கை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நீளும். ஒட்டி நிறுத்திப் பழகுங்கள்.

நம் ஊர் ஃபாஸ்டாக் போலவே அங்கும் மின்னணு வில்லை உண்டு. பிப் அண்ட் கோ போன்ற சில, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி நான்கிலும் செல்லும். மூன்று வாரத்துக்கு மேல் சுற்றுவதாக இருந்தால் வாங்கலாம்.

நம் வழியில் ஓர்லியான் வழியாகக் கிளெர்மோன் ஃபெரான் வரை ஏ10, ஏ71 சாலைகளில் டோல் உண்டு. பாரிஸை விட்டு வெளியேறும் அன்று நேரம்தான் முக்கியம், கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிறது ஏ75. பெஸியே வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர், மலைகளுக்கு நடுவே 1,100 மீட்டர் உயரம் தாண்டிப் போகும் நெடுஞ்சாலை. ஒரே ஒரு இடத்தைத் தவிர முழுவதும் இலவசம். வழியில் எய்ஃபெல் நிறுவனம் கட்டிய காரபி ரயில் பாலம் சாலையிலிருந்தே தெரியும். அந்த ஒரே இடம், 2004 டிசம்பரில் திறந்த மில்லோ பாலம்: நீளம் 2,460 மீட்டர், அதன் உயர்ந்த தூண் முனை 343 மீட்டர். அதைத் தவிர்க்கப் பள்ளத்தாக்கில் இறங்கி மில்லோ ஊருக்குள் போய் மறுபடி ஏற வேண்டும். போகும்போது கட்டி மேலே செல்லுங்கள். ஊரில் ஓரிரவு தங்கி, தார்ன் ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்தும் பாருங்கள். இரண்டு காட்சியும் வேறு வேறு.

பெஸியேயிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை ஏ9 கட்டணச் சாலை. அதற்கு இணையாக ஓடும் பழைய தேசிய நெடுஞ்சாலை அகலமானது, வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். இங்கே டோலைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

ஸ்பெயின். பழைய வழிகாட்டிப் புத்தகங்களை நம்பாதீர்கள். தரகோனா–அலிக்காந்தே இடையே ஏபி-7 சாலையில் 2020 ஜனவரி 1 முதல் கட்டணம் இல்லை. பிரான்ஸ் எல்லையிலிருந்து தரகோனா வரையிலான பகுதியும் 2021 ஆகஸ்ட் இறுதியில் இலவசமாகிவிட்டது. அலிக்காந்தேக்குத் தெற்கே ஏபி-7 மறுபடி கட்டணம் கேட்கும். அங்கே ஏ-7 பிடித்து முர்சியா, பிறகு ஏ-92 வழியாகக் கிரனாடா, செவில்லி. ‘ஏ’ என்று மட்டும் தொடங்கினால் பெரும்பாலும் இலவசம், ‘ஏபி’ என்றால் ஒருமுறை விசாரியுங்கள்.

போர்ச்சுகல். ஸ்பெயினிலிருந்து குவாதியானா ஆற்றுப் பாலம் கடந்தால் அல்கார்வே. அங்கே ஓடும் ஏ22 சாலையில் மின்னணு டோல் வெளிநாட்டவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது; 2025 ஜனவரி 1 முதல் அது நீங்கிவிட்டது. மற்ற சாலைகளில் ‘வியா வெர்தே’ என்ற பச்சை வரிசைக்குள் வில்லை இல்லாமல் நுழையாதீர்கள்.

இத்தாலி பக்கம் திரும்புகிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே கட்டண நெடுஞ்சாலைப் பலகை பச்சை, மற்ற பெருஞ்சாலைகளுக்கு நீலம். சலேர்னோவிலிருந்து ரெஜியோ கலாப்ரியா வரையிலான ஏ2 இலவசம்.

## படி 5: இரவு எங்கே?

பிரான்ஸில் ‘ஏர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு இடங்கள் உண்டு. நெடுஞ்சாலை ஓர ஏர், தேநீருக்கும் கழிப்பறைக்கும் மட்டும். திருட்டு பயத்தால் அங்கே யாரும் தூங்கச் சொல்ல மாட்டார்கள். கிராமங்களில் நகராட்சி நடத்தும் மோட்டார்ஹோம் ஏர்தான் நமக்கு. குறைந்த கட்டணம், சில இடங்களில் இலவசம். ஃபிரான்ஸ் பாஸியோன் திட்டத்தில் சேர்ந்தால் திராட்சைத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் 24 மணி நேரம் இலவசமாக நிற்கலாம். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் வணக்கம் சொல்லாமல் படுத்துத் தூங்கிவிட்டுப் போவது மரியாதை அல்ல.

ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சட்டத்தின் கண்ணில் நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. சக்கரம் மட்டுமே தரையைத் தொட வேண்டும். மேற்கூரைத் துணியை விரிக்காமல், வெளியே நாற்காலி போடாமல், கழிவு எதுவும் சிந்தாமல் இருந்தால் அது வெறும் நிறுத்தம். நகராட்சியின் தடைப் பலகை இருந்தால் அதுவே இறுதி. போர்ச்சுகலில் 2021 சட்டப்படி ஒரே நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம் நிறுத்தித் தூங்கலாம். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் கடற்கரைகளிலும் கூடாது. சாக்ரிஷ் பாறை விளிம்பில் வண்டியை நிறுத்திச் சூரிய அஸ்தமனம் பார்க்கும் படங்களைக் கண்டு ஏமாறாதீர்கள். அபராதச் சீட்டு படத்தில் தெரியாது.

## படி 6: தண்ணீர், கழிவு, கேஸ்

கழிப்பறைக் கழிவுப் பெட்டி இருவருக்கு இரண்டு, மூன்று நாள் வரும். பெட்டியை அலசும் குழாய் வேறு, குடிநீர்க் குழாய் வேறு. குடிநீர்க் குழாயில் பெட்டியைக் கழுவுகிறவரை முகாமே சேர்ந்து திட்டும், நியாயமாகவே. பாத்திரம் கழுவிய நீரைத் தரையில் உள்ள வடிகால் தட்டின் மேல் வண்டியை நிறுத்தித்தான் திறக்க வேண்டும்.

கேஸ் சிலிண்டரின் தலை நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸ் சிலிண்டரை ஸ்பெயினில் மாற்றித் தர மாட்டார்கள். கிளம்பும்போது நிறைந்த சிலிண்டர் இரண்டு இருக்கட்டும். கடுகு தாளிப்பதென்றால் முதலில் கூரை ஜன்னலைத் திறங்கள். இல்லாவிட்டால் புகை அலாரம் பக்கத்து வண்டிக்காரரையும் எழுப்பிவிடும். பருப்பு, புளி, கறிவேப்பிலையைப் பாரிஸின் லா ஷப்பெல் தமிழ்க் கடைகளிலேயே வாங்கிவிடுங்கள். தெற்கே போகப் போகக் கிடைப்பது அரிது.

## படி 7: நகரங்களுக்குள் போகாதீர்கள்

கிரனாடா, செவில்லி, ஃபிளாரன்ஸ் எதுவானாலும் வெளியே முகாமில் நிறுத்திவிட்டுப் பேருந்து ஏறுங்கள். இத்தாலிய நகர மையங்களில் ‘ஸோனா திராஃபிகோ லிமிதாதோ’ என்ற தடைப் பகுதிகளைக் கேமரா காவல் காக்கிறது. நுழைந்ததே உங்களுக்குத் தெரியாது. அபராதம் மாதங்கள் கழித்து வரும்.

## படி 8: திரும்பும் வழி

சலமாங்கா, புர்கோஸ் வழியாக ஏறினால் ஏபி-1 சாலையில் 2018 டிசம்பரிலிருந்து டோல் இல்லை. பாஸ்க் பகுதியில் ஏபி-8 கட்டணம் உண்டு. பாயோனிலிருந்து கிழக்கே திரும்பினால், ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழர் பலர் போய்வரும் லூர்து மாதா கோயில். போர்தோவிலிருந்து புவாத்தியே வரை என்10 பெரும்பாலும் இருவழிப் பிரிவுச் சாலை, இலவசம், ஆனால் லாரிக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை போனால் லாரிகள் குறைவு.

வண்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் கழிவுப் பெட்டியும் தொட்டியும் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வைப்புத்தொகையில் கை வைப்பார்கள். பாரிஸுக்கு மேற்கே ஏ13, ஏ14 சாலைகளில் 2024 முதல் வாயிலே இல்லை. கேமரா வண்டி எண்ணைப் படிக்கும், 72 மணி நேரத்துக்குள் நீங்களே இணையத்தில் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் போயிருந்தால், சாவியைக் கொடுக்குமுன் வண்டி எண்ணைப் போட்டுப் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டால் அபராதம் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் அலுவலகக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்வார்கள்.