தரையிறங்கும் கலை

வானில் எழும்புதலினும் தரையில் இறங்குதல் அரிய செயலாகும். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், அமெரிக்க நாட்டிலுள்ள கிட்டி ஹாக் என்னும் ஊரை அடுத்த மணல்வெளியில், ரைட் சகோதரர் தாம் இயற்றிய விமானத்தை நான்கு முறை செலுத்தினர். நான்காம் முறை அது 59 விநாடி பறந்து 852 அடி தொலைவு கடந்தது. ஆயினும் தரையைத் தொட்டபோது அதன் முன்புறச் சட்டம் முறிந்துபோயிற்று. பறக்கக் கற்ற மனிதன் இறங்கவும் கற்றாக வேண்டும் என்பது அன்றே புலனாயிற்று.

விமானத்தைத் தாங்குவது இறக்கைகளைத் தழுவி ஓடும் காற்றேயாகும். வேகம் மிகக் குறைந்து, மூக்கு மிக உயர்ந்துவிடின், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். விமானம் சட்டெனக் கீழே சரியும். வேகம் மிகுந்துவிட்டாலோ, அது நிலத்தைத் தொடாது மிதந்து சென்று, ஓடுபாதையை வீணாகக் கழித்துவிடும். ஆகவே, அளவான வேகமே நல்ல இறக்கத்திற்கு அடிப்படை. 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த செஸ்னா 172 என்னும் சிறு விமானம், ஓடுபாதையை நெருங்கும்போது மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் வருதல் வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று எதிரே வீசுமாயின், தரையைப் பொறுத்த அதன் வேகம் 100 கிலோமீட்டரே ஆகும். இதனாலேயே விமானிகள் காற்றை எதிர்த்து இறங்குகின்றனர். காற்றின் திசையை, நிலையத்துக் கம்பத்தில் ஆடும் துணிக்குழல் காட்டும்.

விமானி ஓடுபாதையில் ஓர் இடத்தைக் குறியாகக் கொள்வான். அவ்விடம் முன்கண்ணாடியில் அசையாது நின்றால் வழி செவ்விது. மேலே நகர்ந்தால் விமானம் குறிக்கு முன்னரே இறங்கிவிடும். கீழே நகர்ந்தால் குறியைக் கடந்துவிடும். நிலத்திற்குச் சில அடி உயரத்தில் அவன் பார்வையைப் பாதையின் கோடிக்குச் செலுத்தி, எஞ்சினின் விசையைத் தணித்து, மூக்கை மெல்ல மெல்ல உயர்த்துவான். வேகம் தேயத் தேய, பின்னிரு சக்கரங்கள் முதலில் நிலத்தைத் தொடும். முன்சக்கரம் பின்னரே படியும்.

சிற்சில வேளைகளில் விமானம் நிலத்தில் மோதித் துள்ளுவதுண்டு. அப்போது அஞ்சி மூக்கைக் கீழே அழுத்துதல் பெருந்தவறு. முன்சக்கரம் நிலத்தில் மோதி முறியக்கூடும். வேகம் பிழைத்தாலும், பக்கக்காற்று ஒருபுறம் தள்ளினாலும், வழி கோணினாலும், விமானி செய்யத்தக்கது ஒன்றுண்டு. அவன் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலெழும்பி, ஒரு முறை வட்டமிட்டு, மீண்டும் இறங்க வருதல் வேண்டும்.

இவ்வாறு மீளுவதைக் கண்டு பிறர் நகைப்பரோ என நாணி, பிழைபட்ட இறக்கத்தையே முடிக்க முனைவோர் உண்டு. அந்நாணம் உயிருக்கே இறுதியாகலாம். பிழையை உரிய நேரத்தில் உணர்ந்து மீளுபவனை நம்பியே பிறர் விமானத்தில் ஏறி அமர்கின்றனர். தக்க தருணத்தில் மீளும் துணிவும் விமானியின் திறமையே அன்றோ?