பின்னடைவுச் சோதனையும் பொறியின் துணையும்

பழுதுற்ற ஒரு நிரலைத் திருத்துதல் அரிதன்று. திருத்துங்கால், செவ்வனே இயங்கிவந்த வேறொரு பகுதியைக் கெடுக்காதிருத்தலே அரிது. நேற்றுவரை சரியாயிருந்தது இன்று பிழைபடுவதைக் கணினித்துறையார் பின்னடைவு என்பர். அதனைக் கண்டறியும் வேலை பொறியிடம் எங்ஙனம் ஒப்புவிக்கப்பட்டது என்பதை, போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில், 1986இல் பேராசிரியர் மைக்கேல் ஸ்ரோன்பிறேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வின் வழித்தோன்றல் இது. இதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளது. எந்நாட்டவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். எவ்வரிகளை நீக்கி எவ்வரிகளைச் சேர்த்தல் வேண்டுமெனக் காட்டும் திருத்தக் கோப்பினைப் பாட்ச், அதாவது ஒட்டு, என வழங்குவர். அனுப்புவோர் பலர், ஏற்று மூலநிரலிற் சேர்க்கும் உரிமையுடையோர் சிலரே. அச்சிலர் ஒவ்வோர் ஒட்டையும் கையாற் சோதித்தல் எவ்வாறு இயலும்?

சோதனையின் அடிப்படை மிக எளிது. வினாக்கள் ஒரு கோப்பில் உள. வரவேண்டிய விடைகள் மற்றொரு கோப்பில் உள. பொறி வினாக்களை ஓட்டி, வந்த விடையை வரவேண்டிய விடையோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபாடு இருப்பின் அதனைத் தனிக்கோப்பில் எழுதிவைக்கும். மையத் தொகுதியில் மட்டும் இத்தகைய சோதனைகள் 200க்கு மேல் உள. மாணாக்கர் ஒன்றை நோக்குக: வரவேண்டிய விடைகளுள் பிழைச்செய்திகளும் அடங்கும். ஓர் எண்ணைச் சுழியால் வகுக்கச் சொன்னால் மென்பொருள் மறுத்தல் வேண்டும். மறாது ஏதேனும் ஓர் எண்ணைத் தருமாயின் அதுவே தோல்வி. வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் தரவுத்தளங்களிலே தங்கியிருத்தலின், மறுக்கவேண்டியதை மறுத்தல் சிறு கடமையன்று.

இச்சோதனை இரு நிலைகளில் நடைபெறும். ஒட்டு ஏற்கப்படுமுன், தோமஸ் மன்றோ என்பார் அமைத்த பொறியொன்று அதனை அன்றைய மூலநிரலின்மீது பொருத்திப் பார்க்கும். பொருந்தாவிடின், மூலநிரல் இதற்குள் மாறிவிட்டது, ஒட்டைப் புதுக்குக என்பது பொருள். பொருந்தின், வெவ்வேறு இயங்குதளங்களிற் சோதனைகளை ஓட்டும். முன்பின் அறியாதார் எழுதிய நிரல் தீங்கும் செய்யக்கூடும். ஆகலின் வேலை முடிந்ததும் அழித்துவிடத்தக்க மெய்நிகர்க் கணினிகளிலேயே ஓட்டுவர். ஏற்கப்பட்ட நிரலையோ, 2004இல் அன்ட்ரூ டன்ஸ்ரன் தொடங்கிய 'பில்ட்பாம்' என்னும் பண்ணை சோதிக்கும். தொண்டர்கள் தத்தம் கணினிகளை இதற்கு உதவுகின்றனர். பழைய தொகுப்பிகளும் அரிய செயலிகளும் இங்கே உண்டாகையால், முன்னைச் சோதனையில் தப்பிய பிழை இங்கு அகப்படுவதுண்டு. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விலங்கின் பெயர். பண்ணை என்றால் விலங்குகள் வேண்டுமன்றோ!

சோதனை தோற்றதெல்லாம் ஒட்டின் குற்றமென்று கொள்ளற்க. வரிசைப்படுத்துமாறு கேளாதவிடத்து விடைகள் எம்முறையிலும் வரலாம். எழுந்தமான எண்களைப் பற்றிய சோதனை, முன்னைய பதிப்புகளில் மிக அரிதாகத் தற்செயலாகவே தோற்பதுண்டு. கைந்நூலே அதனை முன்கூட்டி உரைத்தது. வீணே தோற்கும் சோதனைகள் பெருகின் எவரும் அவற்றைப் பொருட்படுத்தார். மெய்யான பிழையும் அவற்றோடு கலந்து போய்விடும்.

ஆயினும், எமக்குப் பெரிதாய்த் தோன்றும் இடர் பிறிதொன்று. நல்ல திருத்தமும் விடையை மாற்றக்கூடும். அப்பொழுது புதிய விடைக்கோப்பைப் பழையதன் இடத்திற் படியெடுத்து வைத்தல் வழக்கம். அஃது ஒரு நொடி வேலை. வரிகளைப் படித்துப் பாராது அவ்வாறு செய்வாராயின், பிழையே இனிமேல் சரியான விடையாகிவிடும். அதனைத் திருத்த வருபவரையே பொறி குற்றஞ்சாட்டும். பொறி அறிவது வேறுபாட்டை மட்டுமே. எது சரியென்பதை அஃது அறியாது. இதனாலன்றோ மாறிய விடைகளும் ஒட்டிலேயே சேர்த்து அனுப்பப்பட்டு, நிரலைப் போலவே பிறராற் படிக்கப்படுகின்றன. மதிப்பாய்வோர் நிரலை விட்டு விடைக்கோப்பை முதலிற் படித்தல் நன்றென்பது எம் கருத்து.

கணினிக்கூடத்தில் வாய்ப்புடைய மாணாக்கர் மூலநிரலைப் பெற்றுத் தொகுத்து, 'மேக் செக்' என்னும் கட்டளையை இடுக. பின்னர், சுழியால் வகுக்கும்போது எழும் பிழைச்செய்தியில் ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றி, மீண்டும் தொகுத்து அதே கட்டளையை இடுக. அவ்வொரு சொல் எத்தனை சோதனைகளை வீழ்த்தியது என்பதை வேறுபாட்டுக் கோப்பைத் திறந்து எண்ணிப் பார்க்க.