மொறிஸ் மைனர் ஏன் அலறுகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பப்பா காலத்து மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. 1954ஆம் ஆண்டுக் கார். அதன் 803 சீசீ எஞ்சின் தேய்ந்துவிட்டதால், பழைய கொரொல்லா ஒன்றின் 1300 சீசீ எஞ்சினை அதன் நாலு கியர்ப் பெட்டியோடு இறக்கினோம். இழுவை அபாரம். ஆனால் முருங்கன் பக்கம் போகும்போது 80 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டாலே எஞ்சின் அலறுகிறது. பாஸ் காபரேற்றரை இரண்டு தரம் கழற்றிப் பூட்டிவிட்டார். எஞ்சினில் என்ன பிழை?
— வாசகர், உயிலங்குளம்

பதில்: எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை ஐயா. காபரேற்றர் பாவம், அதை விட்டுவிடுங்கள். நீங்கள் பொனற்றைத் திறந்து தேடுவது காரின் பின்பக்கம் கிடக்கிறது.

பெரிய எஞ்சின் போட்டால் கார் தானாக வேகமெடுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். எஞ்சின் தருவது பலம் மட்டுமே. அதில் இழுவைக்கு எவ்வளவு, ஓட்டத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது வேறு ஆட்கள். அவர்களில் கடைசி ஆள் டிஃபரன்சல், அதாவது பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியும் பற்சக்கரக் கூடு. உங்கள் காரில் சில்லு ஒரு தரம் சுற்றுவதற்கு எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஏறக்குறைய 5.3 தரம் சுற்றியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மைனரின் சில்லு ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 1.85 மீற்றர் போகும். 80 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 720 தரம் சுற்றும். நாலாம் கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே சுற்று என்பதால், 5.3ஆல் பெருக்கினால் 3,800 வருகிறது. எந்த எஞ்சினை வைத்தாலும் இதே 3,800தான். அலறாமல் என்ன செய்யும்?

803 சீசீ எஞ்சினுக்கு இருந்தது வெறும் 30 குதிரைவலு. அதை வைத்துக்கொண்டு ஏற்றம் ஏற அந்த 5.3 தேவைப்பட்டது. மொறிஸ் கம்பனியே 1956இல் 948 சீசீ எஞ்சினை வைத்தபோது டிஃபரன்சலை 4.55 ஆக்கியது. 1962இல் 1098 சீசீ வந்தபோது 4.22 ஆக்கியது. அந்த 4.22ஐ நீங்கள் போட்டால் அதே வேகத்தில் எஞ்சின் 3,000 சுற்றளவில் அமைதியாக ஓடும். மன்னார் வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இழுவை போதாமல் போகாது. 1098 சீசீ மைனர் ஒன்றின் பின் அச்சு முழுதாகக் கிடைத்தால் அதுவே நல்லது. பழைய அச்சுத் தண்டுகள் இரட்டிப்புப் பலத்தைத் தாங்கவென்று செய்யப்பட்டவை அல்ல.

வேறு எஞ்சின் மைனருக்குள் இவ்வளவு லேசாக இறங்குவதற்கும் ஒரு கதை உண்டு. வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முதலில் நினைத்தது, சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் தட்டை எஞ்சினை. அது கைவிடப்பட்டது, அகலமான இடம் மிஞ்சியது. எஞ்சின் உட்கார்ந்துவிட்டதே, வேலை முடிந்தது என்று நாம் ஏமாறுவதும் அந்த இடத்தால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். 1962இல் கம்பனி முன் பிறேக் டிறம்மை 7 அங்குலத்திலிருந்து 8 ஆக்கியது. உங்களுடையது 7. வேகம் 60இலிருந்து 80 ஆனால், பிறேக் விழுங்கவேண்டிய சக்தி முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். பின் அச்சில் கை வைப்பதற்கு முன்னரே பிறேக்கைப் பாருங்கள். புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தும் கொள்ளுங்கள்.

கழற்றிய 803ஐப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத வடக்கில் மண்ணெண்ணெய் குடித்து ஓடியவை இப்படிப்பட்ட, அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின்கள்தான். கிறீஸ் பூசி, சாக்கால் மூடி, கொட்டிலின் ஒரு மூலையில் வையுங்கள்.