மின்னூல் அலமாரிக்கு எந்த மென்பொருள்?

ஹைதராபாத் ஐஐஐடி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்றவை சேர்ந்து நடத்திய இந்திய டிஜிட்டல் நூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட பழைய தெலுங்கு, தமிழ் நூல்கள் இன்று பெருமளவில் இன்டர்நெட் ஆர்க்கைவில் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. இறக்கிப் பார்த்தால் கோப்பின் பெயர் பெரும்பாலும் 2015 என்று தொடங்கும். பின்னால் ஓர் எண், அதன்பின் ஆங்கில எழுத்தில் சிதைந்துபோன தலைப்பு. ஹைதராபாத்தில் இருந்துகொண்டு இரு மொழியிலும் படிப்பவர் ஐம்பது நூல் சேர்த்தாலே எது எங்கே என்று தெரியாமல் போகும். ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது திரை அழகைவிட, தவறான விவரங்களைத் திருத்த அது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

இந்த அளவுகோலில் கிண்டில் செயலி பின்தங்குகிறது. வாங்கிய நூலைப் படிக்க வசதியானது, தமிழும் நன்றாகத் தெரிகிறது. ஆனால் நூலின் தலைப்பையோ ஆசிரியர் பெயரையோ நாம் மாற்ற முடியாது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியே மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் நீக்கிவிட்டது. பாரிஸின் இடிஆர்லேப் இலவசமாகத் தரும் தோரியம் ரீடரின் திரை தெளிவானது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களோடு ஒத்துப்போகும்படி கவனமாகச் செய்யப்பட்டது. அவர்களுக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். ஆனால் அது படிப்பதற்கான கருவி. பெருந்தொகுப்பைச் சீர்செய்ய உதவாது.

மிஞ்சுவது கேலிபர். கோவிட் கோயல் 2006இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள்மீது பயனர்கள் சொல்லும் குறை பழையது: பொத்தான்கள் நெருக்கியடிக்கின்றன, தோற்றம் காலாவதியானது. இதில் உண்மை உண்டு. எனினும் 2013இல் வந்த அட்டைப்படக் காட்சியை இயக்கி, வேண்டாத பொத்தான்களை நீக்கிவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று கேலிபர் வைத்துக்கொள்கிறது. தி. ஜானகிராமனுக்கு இது நல்லதாகவே முடிகிறது, ‘ஜா’வில் கிடைப்பார். வீட்டுப்பெயர் முன்னால் வரும் தெலுங்கில் விஸ்வநாத சத்யநாராயணா ‘ச’வுக்குப் போய்விடுகிறார், தமிழின் தேவநேயப் பாவாணரோ ‘பாவாணர்’ என்ற பட்டத்தின் கீழ் அடங்குகிறார். இதை மாற்றும் வழி பிரிஃபரன்சஸுக்குள் ட்வீக்ஸ் என்ற மூலையில் கிடக்கிறது. அடுத்தது கோப்புறைகள்: தமிழ்த் தலைப்பு இட்டாலும் வட்டில் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கும். எல்லா இயங்குதளத்திலும் சிக்கலின்றி இயங்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் நியாயமானது, ஆனால் அதன் சுமை முழுவதும் ஆங்கிலமல்லாத மொழிக்காரர்மீது விழுகிறது.

புதியவர் மிரண்டு ஓடினால் இத்தனை வசதி இருந்து என்ன பயன் என்று கேட்கலாம். பத்து இருபது நூல் வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வி சரி, தோரியம் போதும். நூற்றுக்கணக்கில் சேர்ப்பவருக்கு மிரட்சி ஒரு வாரம்தான். திருத்த முடியாத பட்டியலின் தொல்லையோ நூல் சேரச் சேரக் கூடும். கேலிபரைத் தேர்ந்தெடுத்தால் முதல் நூலைச் சேர்க்கும் முன்பே ட்வீக்ஸில் ஆசிரியர் பெயர் வரிசை முறையை, பெயரை உள்ளபடியே வைக்கும் ‘காப்பி’ (copy) என்று மாற்றுங்கள். ஜானகிராமன் அப்போது ‘தி’க்குப் போவார், அவருக்கு மட்டும் கையால் திருத்திக்கொள்ளலாம். பிறகு மாற்றினால், ஆசிரியர் நிர்வாகப் பகுதியில் எல்லாப் பெயர்களையும் மறுபடி கணக்கிடச் சொல்ல வேண்டும். நண்பருக்குத் தமிழ்ப் பெயரோடு கோப்பு அனுப்ப, வட்டில் சேமிக்கும் அமைப்பில் ஆங்கில எழுத்தாக்கும் தேர்வை நீக்கிவிட்டுச் சேமியுங்கள். கேலிபரின் கோப்புறைக்குள் நேரடியாகப் போய்ப் பெயர் மாற்றாதீர்கள், பட்டியலில் பெயர் இருந்தாலும் நூலைக் கேலிபரால் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.